ரூ ஏன் சாக வேண்டும்?

பதின்பருவத்தினருக்காக எழுதப்படும் இருண்ட எதிர்காலக் கதைகளைப் பற்றி இரண்டு விதமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். 'அதெல்லாம் பொழுதுபோக்கு, அதில் ஆராய என்ன இருக்கிறது' என்பது ஒன்று. 'ஒரு பெண் வில்லெடுத்துச் சண்டை போடுகிறாளே, இதற்குமேல் என்ன பெண்ணியம் வேண்டும்' என்பது இன்னொன்று. இரண்டு ஆண்டுகளாக எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகளோடு சேர்ந்து இந்தக் கதைகளைப் பேசிவருகிறேன். இரண்டு பதிலும் போதவில்லை. கதையின் நடுவில் ஒரு பெண் நிற்பது நல்ல செய்திதான். எந்தப் பெண் நிற்கிறாள், அவள் நிற்பதற்காக எந்தப் பெண் விழுகிறாள் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் எலவனாசூர்கோட்டை. உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி வழியாகச் சேலம் போகும் சாலையில் இருக்கிறது. 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டம். மேற்கே போனால் கல்வராயன் மலை. சுற்றிலும் கரும்பு, மரவள்ளி, மக்காச்சோளம். நான் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டு மாடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடுவார்கள். ஒன்பதாவது படிப்பவர்களிலிருந்து கல்லூரி முதலாண்டு வரை. மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்களும் உண்டு. ஆங்கில நாவலை நேராகப் படிக்க அவர்களில் பலருக்கும் இன்னும் சிரமம். அதனால் நான் படித்துவிட்டுத் தமிழில் கதையாகச் சொல்வேன். அவர்கள் இடைமறித்துக் கேள்வி கேட்பார்கள்.

முதலில் சொன்ன கதை 'தி ஹங்கர் கேம்ஸ்'. சூசன் காலின்ஸ் எழுதி 2008-ல் வந்த நாவல். பனெம் என்ற நாடு. ஒரு தலைநகரம், அதற்கு உழைத்துக் கொட்டும் பன்னிரண்டு மாவட்டங்கள். ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் குலுக்கலில் எடுத்து, ஒருவரையொருவர் கொல்ல விட்டு, அதைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். இப்படிப்பட்ட கதைகளுக்கு ஆங்கிலத்தில் டிஸ்டோபியா என்று பெயர். இன்றைக்கு இருக்கும் கொடுமை ஒன்றை எடுத்து, நாளைக்கு அது முற்றினால் எப்படியிருக்கும் என்று காட்டும் கதை.

எங்கள் மாடியில் இந்த விளக்கத்துக்கே தேவை இருக்கவில்லை. அந்த நாவலில் ஒரு ஏற்பாடு உண்டு. ஏழைப் பிள்ளைகள் குலுக்கல் பெட்டியில் தங்கள் பெயரைக் கூடுதலாக ஒருமுறை போட்டால், வீட்டில் ஒரு ஆளுக்கு ஓர் ஆண்டுக்கான தானியமும் எண்ணெயும் கிடைக்கும். வீட்டில் வாய்கள் அதிகமாக அதிகமாகப் பெட்டிக்குள் பெயரும் அதிகமாகும். கதாநாயகி காட்னிஸுக்குப் பதினாறு வயது, அவள் பெயர் இருபது முறை பெட்டிக்குள் இருக்கிறது. இதைச் சொன்னதும் ஒரு பெண், "அப்ப வசதியானவங்க வீட்டுப் பிள்ளைங்க பேரு கம்மியாத்தான இருக்கும் மிஸ்?" என்றாள். அமெரிக்காவில் எழுதப்பட்ட ஒரு பொருளாதார அமைப்பை ரேஷன் கடை வரிசையில் நின்று பழகியவள் ஒரே நிமிடத்தில் பிரித்துவிட்டாள்.

காட்னிஸை அவர்களுக்கு மிகவும் பிடித்தது. அப்பா செத்த பிறகு வேட்டையாடிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். அழுவதற்கு நேரமில்லை. அழகைப் பற்றி யோசிப்பதில்லை. தங்கைக்குப் பதிலாகத் தானே களத்துக்குப் போகிறாள். நம் பாடப்புத்தகக் கதைகளிலும் சினிமாவிலும் பார்த்துப் பழகிய பெண்களிலிருந்து அவள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறாள் என்று அவர்களுக்கு உடனே தெரிந்தது.

பிறகு ரூ வந்தாள்.

பதினோராம் மாவட்டத்துப் பெண், பன்னிரண்டு வயது. பெயரைச் சொன்னதும் சிரிப்பு. "ரூபாய்க்குப் போடுற ரூவா மிஸ்?" அது ஒரு செடியின் பெயர், நம் நாட்டு மருந்தில் அருவதா என்பார்கள் என்றேன். பதினோராம் மாவட்டம் விவசாய மாவட்டம். அங்கே விளைவதெல்லாம் தலைநகரத்துக்குப் போகும், விளைவிப்பவர்கள் பசியோடு இருப்பார்கள். பழத்தோப்பில் மரத்துக்கு மரம் தாவி வேலை செய்து பழகியவள் ரூ. மூலிகை தெரியும். காட்னிஸைக் குளவி கொட்டியபோது இலையை மென்று காயத்தில் வைக்கிறாள். இருவரும் கூட்டுச் சேர்கிறார்கள். ரூ கொல்லப்படுகிறாள். காட்னிஸ் அவள் உடலைப் பூவால் அலங்கரிக்கிறாள். அந்த மரணத்திலிருந்துதான் காட்னிஸ் என்ற கலகக்காரி பிறக்கிறாள்.

மலையிலிருந்து வரும் ஒரு பெண் அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். "ஏன் மிஸ், அதுக்குத்தான் மரம் ஏறத் தெரியுது, மருந்து தெரியுது. அது ஏன் சாவணும்?" என்று கேட்டாள்.

நாவலில் ரூவின் தோல் அடர்ந்த பழுப்பு நிறம் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. 2012-ல் படம் வந்தபோது அமாண்ட்லா ஸ்டென்பர்க் என்ற கறுப்பினச் சிறுமி ரூவாக நடித்தார். புத்தகத்தைப் படித்து ரூவுக்காக அழுத ரசிகர்களில் ஒரு பகுதியினர், அவள் கறுப்பாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் ட்விட்டரில் கொதித்தார்கள். அவள் கறுப்பு என்பதால் அந்தச் சாவு முன்புபோல் துயரமாக இல்லை என்று எழுதியவர்களும் உண்டு. எழுத்தில் இருந்த நிறத்தை அவர்கள் படிக்கவே இல்லை. அப்பாவியான சிறுமி என்றால் வெள்ளைச் சிறுமி என்று அவர்கள் மனம் தானாக எழுதிக்கொண்டது. காட்னிஸுக்கும் நாவலில் மாநிறத்துக்கு நெருங்கிய தோல், கறுத்த முடி. ஆனால் அந்த வேடத்துக்கான அழைப்பில் வெள்ளையினப் பெண்களையே கேட்டிருந்தார்கள் என்று 2011-ல் செய்தி வந்தது. அதிகாரத்துக்கு எதிரான கதை. அதன் கதாநாயகியின் நிறத்தை முடிவு செய்ததும் அதிகாரந்தான்.

இதைச் சொன்னபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. நம் சினிமாக் கதாநாயகிகள் எங்கிருந்து வருகிறார்கள், கறுத்த நடிகைகளுக்கு எந்த வேடம் தரப்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாததா?

மலைப்பெண் கேட்ட கேள்வியோ வேறு பக்கம் போயிற்று. அடுத்த வாரம் அவள் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ரூ செத்த பிறகு களத்தின் விதி மாற்றப்படுகிறது. இனி இரண்டு பேர் ஜெயிக்கலாம், ஆனால் இருவரும் ஒரே மாவட்டத்தவராக இருக்க வேண்டும் என்று அறிவிக்கிறார்கள். காட்னிஸுக்கும் அவள் மாவட்டத்துப் பையன் பீட்டாவுக்கும் காதல் என்று தொலைக்காட்சி பார்ப்பவர்கள் உருகுகிறார்கள், அதற்காகத்தான் இந்தச் சலுகை. "ரூ இருக்கும்போதே ஏன் மிஸ் அந்த விதிய மாத்தல? அவங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான இருந்தாங்க?"

நான் இந்த நாவலைப் பலமுறை படித்திருக்கிறேன், வகுப்பிலும் பேசியிருக்கிறேன். இந்தக் கோணத்தில் யாரும் கேட்டதில்லை. விதி காதல் ஜோடிக்காக வளைகிறது. இரண்டு மாவட்டத்துப் பெண்கள் ஒருவரையொருவர் நம்பிச் சேர்ந்து நிற்பதற்கு விதியில் இடமே இல்லை. அந்தக் கூட்டு உடைந்த பிறகுதான் சலுகை வருகிறது. கொடுங்கோல் அரசு அப்படித்தான் செய்யும், நாவலாசிரியரும் அதைத்தான் காட்டுகிறார் என்று வாதிடலாம். ஆனால் மூன்று பாகங்கள் முழுக்கக் கதையை இழுத்துச் செல்வது, அவள் பீட்டாவைத் தேர்வாளா, கேலைத் தேர்வாளா என்ற கேள்வி. ரூவோடு இருந்ததைப் போன்ற நட்பு அவளுக்கு மறுபடி அமைவதில்லை. புரட்சி முடிகிறது, அவள் பீட்டாவோடு வாழ்ந்து பிள்ளை பெறுகிறாள்.

எங்கள் மாவட்டத்தில் பதினோராம் மாவட்டம் எது என்று நான் அவர்களைக் கேட்கவில்லை. தேவையில்லை. கல்வராயன் மலை மக்கள் நாடு விடுதலை பெற்ற பிறகும் ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தார்கள். 1976-ல்தான் அந்தப் பிடி முடிவுக்கு வந்தது. இன்றும் மலையிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கூலி வேலைக்கு வெளி மாநிலம் போகிறார்கள். கீழே எங்கள் பக்கத்து வயல்களில் மக்காச்சோளக் கதிர் ஒடிப்பவர்களில் பெண்களே அதிகம். கதிர் தீவன ஆலைக்குப் போய், நாமக்கல் கோழிப் பண்ணைக்குப் போகிறது. ஒடித்தவள் கூலியை வாங்கிக்கொண்டு ரேஷன் அரிசிக்கு வருகிறாள். மலையில் கடுக்காய் பொறுக்கிய ஒரு பெண்ணுக்கு ரூவைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. தன்னைப் போன்ற ஒருத்தி முதல்முறையாக ஒரு கதைக்குள் வந்து, பாதியிலேயே போய்விட்டதைத்தான் அவளால் ஏற்க முடியவில்லை.

'நம்ம ஊர்ல இந்த மாதிரி கதை இல்லையா?' என்று கேட்டார்கள். இருக்கிறது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடப்பது 2020-களின் இந்தியாவில். ஜீவா என்ற சர்வாதிகாரி. பிள்ளை பெற அரசு அனுமதி வேண்டும். எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். நடுவில் நிலா என்ற பெண், காணாமல்போன கணவனைத் தேடுகிறாள். ஜீனோ என்ற இயந்திர நாய் அவளுக்குத் துணை. தமிழில் ஒரு தலைமுறையின் பதின்பருவத்து வாசிப்பில் இந்தக் கதைக்கு இடமுண்டு. ஒரு பெண்ணின் கர்ப்பப்பை அரசின் கையில் இருப்பதை முதல் காட்சியாக வைத்த கதை என்பதை நாம் போதுமான அளவு பேசவில்லை.

ஆனால் அந்த எதிர்காலத்தில் சாதி இல்லை. ஒழிக்கப்பட்டதாகவும் சொல்லவில்லை. இரண்டெழுத்துப் பெயருக்குள் அது காணாமல்போய்விடுகிறது. நிலா எந்தத் தெருவில் பிறந்தவள்? அந்த நாட்டில் சாக்கடைக்குள் இறங்குவது யார்? கேட்க முடியாது. இல்லாததுபோல் காட்டப்படும்போது வாசிக்கும் மனம் ஒரு நடுத்தர வர்க்க, மேல்சாதி வீட்டை அங்கே தானாக வைத்துக்கொள்கிறது, ரூவை வெள்ளைச் சிறுமியாக வைத்துக்கொண்ட மனத்தைப் போலவே. இன்னொன்று, நிலாவின் முடிவு. சர்வாதிகாரி போன பிறகு அவள் அரசியாகிறாள், அதிகாரமோ ரவி, மனோ என்ற இரு ஆண்களிடம். அவள் பொம்மை அரசி. இதைச் சொன்னதும் மாடியில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கியிருக்கும் மாநிலம் இது. தலைவர் நாற்காலியில் மனைவி, பேச்செல்லாம் கணவர் என்பதை அவர்கள் எதிர்காலக் கதையில் தேட வேண்டியதில்லை.

ஹங்கர் கேம்ஸ் வந்த அதே 2008-ல் மஞ்சுளா பத்மநாபன் எழுதிய 'எஸ்கேப்' என்ற ஆங்கில நாவலும் வந்தது. பெண்களே அழித்தொழிக்கப்பட்ட ஒரு நாடு. மெய்ஜி என்ற ஒரே ஒரு சிறுமியை மூன்று சித்தப்பா பெரியப்பாக்கள் ஒளித்து வளர்க்கிறார்கள். பெண் என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்கிறாள். இதைக் கதையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம் சேலம். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் அங்கேதான் தொடங்கியது. கொல்ல வேண்டாம், அரசின் தொட்டிலில் போட்டுவிடுங்கள் என்று பெற்றவர்களிடம் ஓர் அரசு கேட்டுக்கொண்ட மண் இது. பத்மநாபன் எதிர்காலத்தை எழுதியிருக்கலாம். அதற்கான கச்சாப்பொருள் நம் வீட்டு முற்றத்தில் கிடந்தது.

இந்தக் கதைகளில் இன்னொரு வெற்றிடமும் உண்டு. குலுக்கலில் ஒரு பையன், ஒரு பெண் என்று இரண்டே பெட்டிகள். மூன்றாவதாக ஒருவர் இருந்தால் எந்தப் பெட்டியில் பெயர் போடுவார்? எங்கள் வட்டாரத்தில் கூவாகம் இருக்கிறது. ஒவ்வொரு சித்திரையிலும் கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கைகள் கூடி, அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்துக்கொண்டு அழுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் ஊர்ச் சிவனுக்கே அர்த்தநாரீஸ்வரர் என்று பெயர். அதே 2008-ல்தான் தமிழக அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. கோயிலில் பாதி உடம்பு பெண்ணாக நின்றால் கற்பூரம் காட்டுகிறோம். வகுப்பறையில் ஒரு பையன் நளினமாக நடந்தால் பள்ளியை விட்டே ஓடும்படி செய்கிறோம். அ. ரேவதியின் 'உணர்வும் உருவமும்' போன்ற நூல்களை வாசித்தால் தெரியும், பால் மாறி நிற்கும் பிள்ளைக்குக் குடும்பமும் பள்ளியும் தெருவும் ஏற்கனவே டிஸ்டோபியாதான். அந்தப் பிள்ளையை நடுவில் வைத்து ஓர் இளையோர் நாவல் தமிழில் வந்தால் அதற்கு எதிர்காலம்கூடத் தேவைப்படாது.

அப்படியானால் எல்லாமே குறைதானா என்று கேட்கலாம். இல்லை. விளிம்பில் நிற்கும் பெண்ணே பேனாவை எடுத்தபோது கதை வேறுமாதிரி ஆனதற்குச் சான்று உண்டு. கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1993-ல் எழுதிய 'பேரபிள் ஆஃப் தி சோவர்' நாவலில் நாயகி லாரன் ஒலமினா ஒரு கறுப்பினச் சிறுமி. கதை தொடங்கும்போது அவளுக்குப் பதினைந்து வயது. ஊர் எரிகிறது, குடும்பம் சிதைகிறது, அவள் வடக்கு நோக்கி நடக்கிறாள். வழியில் கிடைக்கும் பல இனத்தவரையும், அடிமைத்தனத்திலிருந்து தப்பிய தாய்களையும் சேர்த்துக்கொண்டே போய் ஒரு ஊரை உண்டாக்குகிறாள். யாருடைய வீரத்துக்கும் எரிபொருளாக அவள் சாவதில்லை. அவளது நாட்குறிப்பு 2024 ஜூலையில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய மாதம்தான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இந்தத் தேதியைச் சொன்னபோது மாடியில் யாரும் பேசவில்லை. அந்தத் தெருக்களில் மிஞ்சிய பெண்கள் என்ன செய்தார்கள், யாரோடு சேர்ந்து நின்றார்கள் என்பதை எழுத நமக்கு ஓர் ஒலமினா வேண்டும்.

இன்னும் பின்னால் போனால் பேகம் ரோக்கியா. வங்காளத்து முஸ்லிம் பெண். 1905-ல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' முதலில் அச்சானது நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய 'தி இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில். பெண்கள் ஆளும் நாடு. சூரிய வெப்பத்தால் சமையல், ஆகாயத்தில் பறக்கும் வண்டி, ஆண்களெல்லாம் வீட்டுக்குள். இது இருண்ட எதிர்காலம் இல்லை, அதன் மறுபக்கம். ஆனால் ஆண்களை உள்ளே அடைத்துக் காட்டியபோது, அடைத்து வைக்கப்பட்ட பெண்களின் நிகழ்காலம் எவ்வளவு கேவலமானது என்று வெளிச்சமாகிவிட்டது. மாடியில் புர்கா அணிந்து வரும் பெண் இந்தக் கதையை மறுபடி மறுபடி சொல்லச் சொன்னாள். அவள் வீட்டில் அண்ணனிடம் சொன்னாளாம். "அவனுக்குச் சிரிப்பே வரல மிஸ்" என்றாள்.

பிரதிநிதித்துவம் என்ற சொல்லைக் கருத்தரங்குகளில் நிறையப் பயன்படுத்துகிறோம். கதைக்குள் ஒரு கறுத்த பெண், ஒரு பழங்குடிப் பெண், ஒரு திருநங்கை என்று தலை எண்ணிச் சேர்த்துவிட்டால் தீராது. ரூ எண்ணிக்கையில் இருந்தாள். அவளுக்கு இல்லாதிருந்தது கடைசிப் பக்கம். யார் உயிரோடு மிஞ்சுகிறார்கள், மிஞ்சியவளுக்குத் தோழிகள் உண்டா, விதி யாருக்காக வளைகிறது என்பவைதான் இனி ஒரு நாவலைப் படிக்கும்போது நான் கேட்கும் கேள்விகள். இவற்றை எனக்குக் கொடுத்தவள் ஒரு பதினேழு வயதுப் பெண்.

அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு தாய்மாமன் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். விடுதி வார்டன் அம்மாவும் நானும் மலைக்குப் போனோம். பதினெட்டு ஆகவில்லை, சட்டப்படி குற்றம் என்று சொன்னபோது அவள் அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார், மனம் மாறவில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும் என்று வார்டன் அம்மா சொன்னதும், "மாசாமாசமா?" என்று நிமிர்ந்தார். அந்த நாவலில் தானியத்துக்காகப் பிள்ளைகள் சாவுப் பெட்டியில் பெயர் போட வேண்டும். இங்கே ஆயிரம் ரூபாய் ஒரு பெயரைக் கல்லூரிப் பதிவேட்டில் நிறுத்தியது. பசியை வைத்து ஒரு பெண்ணைக் கொல்லவும் முடியும், படிக்க வைக்கவும் முடியும். எதற்கு என்பது அரசியல்.

இப்போது அவள் முதலாண்டு. கல்யாணப் பேச்சு நிற்கவில்லை, தள்ளிப்போயிருக்கிறது. இடையில் ஒரு நாற்பது பக்க நோட்டில் அவள் ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறாள். அதில் ரூவுக்கு மலைப்பெயர், காட்னிஸுக்கும் ஒரு பெயர். இருவரும் மரத்தின் மேல் இருக்கிறார்கள். கீழே துரத்தி வந்தவர்கள் தூங்குகிறார்கள். ஜெயிப்பது ஒருத்தி மட்டும்தான் என்ற விதி இன்னும் இருக்கிறது. அந்த விதியை என்ன செய்வது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. நான் யோசனை எதுவும் சொல்லவில்லை. நோட்டில் இன்னும் பதினோரு பக்கம் மீதி இருக்கிறது.